விடுதலை வேறு, தீர்ப்பு வேறு

பார்வோன் ஆள் அனுப்புகிறான். யோசேப்பைச் சிறையிலிருந்து அவசர அவசரமாக வெளியே கொண்டுவருகிறார்கள். சவரம் செய்துகொண்டு, உடை மாற்றி, அரசன் முன்னால் போய் நிற்கிறான். கனவுக்குப் பொருள் சொல்கிறான். கையோடு மோதிரம், மெல்லிய வஸ்திரம், கழுத்தில் பொன்சரம், அரசனுக்கு அடுத்த ரதம், புதுப் பெயர், மனைவி என்று எல்லாம் வந்து சேர்கின்றன. ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தை எத்தனை முறை படித்தாலும் ஒன்று மட்டும் அதில் அகப்படுவதில்லை. அவன் மேல் இருந்த வழக்கு என்ன ஆயிற்று? அவன் தன்னைப் பலவந்தம் செய்ய வந்தான் என்று எஜமான் போத்திபாரின் மனைவி சொன்னது பொய் என்று எந்த அதிகாரியும் அறிவிக்கவில்லை. யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. அந்தப் பெண் அதன்பின் கதையில் தலைகாட்டுவதே இல்லை. யோசேப்பு விடுதலையானான் என்பது சரி. ஆனால் குற்றமற்றவன் என்று தீர்ப்புப் பெறவில்லை.

இந்த ஓட்டையைப் பெரும்பாலான பிரசங்கங்கள் கண்டுகொள்வதில்லை. ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே நமக்குச் சொல்லப்படும் யோசேப்பு, வாய் திறவாமல் அநியாயத்தைச் சகித்தவன், சகித்ததால் உயர்த்தப்பட்டவன். அநியாயமாகச் சிறைப்பட்ட எவருக்கும் உடனே நீட்டப்படுகிற முன்மாதிரி அவன்தான். எபிரேய வேதத்தில் இன்னொரு சிறைவாசியும் இருக்கிறார். தீர்க்கதரிசி எரேமியா கத்துகிறார், வாதாடுகிறார், கேள்வி கேட்கிறார், கெஞ்சுகிறார், சபிக்கிறார். முன்மாதிரி என்று அவரை யாரும் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. சிறையில் ஒருவர் தம் குற்றமின்மையை எப்படிக் காத்துக்கொண்டார் என்ற ஒரே கேள்வியை வைத்து இருவரையும் எடைபோட்டால், தராசு எரேமியாவின் பக்கம்தான் சாய்கிறது என்பது என் எண்ணம். அது சாயும் வழி அவ்வளவு நேரானதில்லை.

முதலில் சட்டம். மோசேயின் சட்டத் தொகுப்பில் சிறை ஒரு தண்டனையாகவே இல்லை. தேவதூஷணம் சொன்னவனையும் ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனையும் காவலில் வைக்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியும் வரைதான். லேவியராகமம் 24, எண்ணாகமம் 15 இரண்டிலும் காவல் என்பது தீர்ப்புக்கு முந்தைய காத்திருப்பு. அந்தச் சட்டத்துக்குத் தெரிந்த தண்டனைகள் ஈடு கட்டுவது, அடி, மரணம் போன்றவை. இத்தனை மாதம், இத்தனை வருடம் என்ற கணக்கு அதில் கிடையாது. ஆகவே எபிரேயக் கதைகளில் வரும் சிறைகள் பெரும்பாலும் அரசர்களுடையவை. எகிப்தியன், பாபிலோனியன், அல்லது எரிச்சலடைந்த உள்ளூர் ராஜா. உள்ளே போனவனுக்கு எப்போது வெளியே வருவோம் என்று தெரியாது. யோசேப்பு விற்கப்பட்டபோது வயது 17, பார்வோன் முன் நின்றபோது 30. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் சிறையில் கழிந்தது எவ்வளவு என்று நூல் சொல்வதில்லை. சிறையில் உடனிருந்த பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோன பிறகு வந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் குறிக்கிறது.

பொய்ச்சாட்சிக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. உபாகமம் 19இன்படி, பொய்ச்சாட்சி சொன்னவன் மற்றவனுக்கு என்ன நேரவேண்டும் என்று நினைத்தானோ அதுவே அவனுக்கு நேரவேண்டும். ஒருவன் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தைப் படித்தால் கதாசிரியர் எவ்வளவு நுட்பமாக வேலை செய்திருக்கிறார் என்பது தெரியும். நிகழ்ந்தபோது யோசேப்பின் உடை அவள் கையில் இருந்தது, அவள்தான் பிடித்தாள். அவள் சொல்லும்போது அதே உடை அவள் பக்கத்தில் கிடந்ததாக மாறிவிடுகிறது. வேலைக்காரர்களிடம் பேசும்போது, இந்த எபிரேயனை நம்மை அவமதிக்கக் கொண்டுவந்தார் என்று புருஷன்மேல் பழி போட்டு அவர்களைத் தன் பக்கம் இழுக்கிறாள். புருஷனிடம் பேசும்போது அதே ஆள் அடிமை ஆகிவிடுகிறான். சாட்சி ஒருத்தி, வாக்குமூலம் இரண்டு. போத்திபாருக்குக் கோபம் மூண்டது என்கிறது நூல். யார்மேல் என்று சொல்லவில்லை. கொல்லக்கூடிய குற்றத்துக்குச் சிறையோடு விட்டானே, அவனுக்கே சந்தேகம் இருந்திருக்கும் என்று இடைக்கால யூத உரைகாரர்கள் ஊகித்தார்கள். நியாயமான ஊகம்தான். அப்படியானால் போத்திபார் இன்னும் மோசமானவன் ஆகிறான். சந்தேகம் இருந்தும் உள்ளே போட்டிருக்கிறான்.

இந்த இடத்தில் யோசேப்பு பேசுவதே இல்லை. அதற்குச் சற்று முன்புவரை அந்தப் பெண்ணிடம் நீளமாகப் பேசியவன், எஜமானின் நம்பிக்கையையும் தேவனுக்கு எதிரான பாவத்தையும் எடுத்துச் சொன்னவன், குற்றஞ்சாட்டப்பட்டதும் வாயடைத்துப் போகிறான். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், யோசேப்பு தன் காரியத்தைத் தேவனிடம் ஒப்படைத்து, எதிர்வாதம் செய்யாமல் கட்டுண்டான் என்று அந்த மௌனத்தைப் புண்ணியமாக்கினார். பிற்காலப் பிரசங்க மரபு முழுக்க இந்த வாசிப்பின் வாரிசுதான். ஆனால் மூலநூல் அப்படிச் சொல்லவில்லை. அவன் பேசவில்லை என்றுகூட அது சொல்லவில்லை. பேச்சைக் காட்டவில்லை, அவ்வளவே.

காட்டாமல் விடுவது இந்தக் கதாசிரியரின் பழக்கம் என்பதற்குச் சான்று கதைக்குள்ளேயே கிடைக்கிறது. 37ஆம் அதிகாரத்தில் சகோதரர்கள் அவனைக் குழியில் போடுகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், 20 வெள்ளிக்காசுக்கு அவன் கைமாறுகிறான். அந்தக் காட்சி நெடுக யோசேப்பின் குரலே கேட்காது. ஆண்டுகள் கழித்து 42ஆம் அதிகாரத்தில் எகிப்தில் மாட்டிக்கொண்ட சகோதரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான், அவன் அன்றைக்கு மன்றாடினான், அவன் மனவேதனையைக் கண்டும் நாம் கேட்கவில்லை என்பது வெளியே வருகிறது. குழியில் அவன் அழுதிருக்கிறான். கதை அதை ஐந்து அதிகாரங்கள் மறைத்து வைத்திருந்து, குற்றவாளிகளின் வாயாலேயே சொல்ல வைக்கிறது. இதைப் பார்த்த பிறகு போத்திபார் வீட்டு மௌனத்தைப் பொறுமையின் இலக்கணமாக நிறுத்துவது கடினம். காதில் விழாததும் சொல்லப்படாததும் ஒன்றாகாது. அடிமையின் மறுப்பைக் கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை என்பதே அந்த மௌனத்துக்கு நெருக்கமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

இதே வகைக் கதை எகிப்தில் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் எழுதப்பட்ட ‘இரு சகோதரர்கள்’ கதை அது. சுருளின் காலம் கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதி. அண்ணன் மனைவி ஆசைப்படுகிறாள், தம்பி பாட்டா மறுக்கிறான், அவள் பொய்ப்பழி போடுகிறாள், அண்ணன் ஈட்டியோடு காத்திருக்கிறான். இதுவரை ஒரே பாதை. ஆனால் பாட்டா பேசுகிறான். சூரிய தேவனைக் கூப்பிடுகிறான். இருவருக்கும் நடுவில் முதலைகள் நிறைந்த நீர்ப்பரப்பு உண்டாகிறது. விடிந்ததும் அக்கரையிலிருந்து நடந்ததை நடந்தபடி சொல்லித் தன் உறுப்பையே வெட்டி எறிந்து மெய்ப்பிக்கிறான். அண்ணன் வீடு திரும்பி மனைவியைக் கொல்கிறான். எகிப்தியக் கதையில் குற்றமின்மை அன்றைக்கே நிலைநாட்டப்படுகிறது. எபிரேயக் கதையில் தெய்வம் யோசேப்போடு இருந்தது என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்தத் தெய்வம் அவனுக்காகச் சாட்சி சொல்வதில்லை. முதலைகளை அனுப்புவதும் இல்லை. சிறைத் தலைவனின் கண்ணில் தயவு கிடைக்கச் செய்கிறது. சிறைக்குள் நல்ல வேலை கிடைக்கிறது.

தன் வழக்கைப் பற்றி யோசேப்பு வாய் திறக்கும் ஒரே இடம் 40ஆம் அதிகாரத்தில் வருகிறது. பானபாத்திரக்காரர் தலைவனின் கனவுக்கு நல்ல பொருள் சொன்னதும் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறான். ஒன்று கோரிக்கை: என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் என்னைப் பற்றிச் சொல். இன்னொன்று வாக்குமூலம்: எபிரேயரின் தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்டவன் நான், இங்கேயும் இந்தக் கிடங்கில் வைக்கும்படியாக ஒன்றும் செய்யவில்லை. ரபிகள் மரபில், ஆதியாகம ரப்பாவில், இந்தக் கோரிக்கைக்காகவே அவனுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் சிறை என்று ஒரு விளக்கம் உண்டு. தெய்வத்தை நம்பாமல் மனிதனை நம்பிவிட்டானாம். உரைமரபில் எவ்வளவோ அழகான இடங்கள் உண்டு. இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குற்றமற்றவன் வெளியே வர ஒரு ஆளிடம் சொல்லி வைத்ததைக் குற்றமாக்குவது சிறைக்காரனின் தர்க்கம். நூலில் அதற்கு ஆதாரம் இல்லை. மறந்தவன் பானபாத்திரக்காரன் என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

அவன் நினைவுக்கு வந்தபோது என்ன சொன்னான் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பார்வோன் முன்னால் தன் பழைய குற்றங்களை நினைவுகூர்கிறான். எங்களோடு ஓர் எபிரேய வாலிபன் இருந்தான், தலையாரிகளின் அதிபதிக்கு வேலைக்காரன், கனவுக்குப் பொருள் சொன்னான், சொன்னபடியே நடந்தது என்கிறான். கோரிக்கையும் வாக்குமூலமும் சேர்ந்தே இவன் காதில் விழுந்தன. இவன் அரண்மனைக்குக் கொண்டுபோனது திறமையை மட்டும். அந்த வாலிபன் தான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னான் என்ற செய்தி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. பார்வோனுக்கும் அது தேவைப்படவில்லை. அரசு ஒரு கைதியை எதற்காக வெளியே எடுத்தது என்பதற்கு இதைவிடக் கறாரான விவரிப்பு எனக்குத் தெரிந்த பழைய இலக்கியத்தில் இல்லை. யோசேப்பு பயன்பட்டதால் வெளியே வந்தான். கனவுக்குப் பொருள் தெரியாத குற்றமற்றவன் ஒருவன் அதே சிறையில் இருந்திருந்தால் அவன் அங்கேயே இருந்திருப்பான்.

இந்தக் குறையை உணர்ந்தவர்கள் உண்டு. குர்ஆனின் 12ஆவது அத்தியாயத்தில் யூசுப் நபியின் சட்டை பின்புறம் கிழிந்திருப்பதே தடயமாகிறது. பின்னால் அரசன் அழைப்பு அனுப்பும்போது அவர் சிறையை விட்டு உடனே கிளம்புவதில்லை. அந்தப் பெண்களின் விவகாரத்தை முதலில் விசாரிக்கச் சொல்லித் தூதனைத் திருப்பி அனுப்புகிறார். பெண்கள் அவரிடம் தீங்கொன்றும் காணவில்லை என்கிறார்கள். பிரபுவின் மனைவி உண்மையை ஒப்புக்கொள்கிறாள். விடுதலைக்கு முன் தீர்ப்பு. நீதி என்ற கோணத்தில் இது ஆதியாகமத்தைவிட நிறைவான கதை என்பதில் எனக்குத் தயக்கமில்லை. நடப்புலகம் என்ற கோணத்தில் ஆதியாகமம் முந்துகிறது. பதவி கொடுத்து வழக்கை மறக்கடிப்பது அரசாங்கங்களுக்குக் கைவந்த கலை. யோசேப்பும் மறக்கச் சம்மதிக்கிறான். மூத்த மகனுக்குப் பெயரிடும்போது, தன் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று காரணம் சொல்கிறான்.

மறந்தவன் அதன்பின் செய்வதைப் பிரசங்கங்கள் வேகமாகக் கடந்துவிடும். தானியம் வாங்க வந்த சகோதரர்களை ஒற்றர்கள் என்கிறான். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். தாங்கள் நிஜஸ்தர், வேவுகாரர் அல்ல என்று அவர்கள் மறுக்கிறார்கள்; கேட்கவில்லை. மூன்று நாள் காவல். சிமியோன் மற்றவர்கள் கண்ணெதிரே கட்டப்பட்டுப் பிணையாக வைக்கப்படுகிறான். பிறகு பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் ஒளிக்கப்படுகிறது. சகோதரர்கள் அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் பொய்த்தடயம் காட்டினார்கள். எஜமானி உடையை வைத்துப் பொய்த்தடயம் காட்டினாள். இப்போது மூன்றாவது பொய்த்தடயம், தயாரித்தவன் யோசேப்பு. இது பழிவாங்கலல்ல, சகோதரர்கள் மாறிவிட்டார்களா என்று பார்க்கும் சோதனை என்பார்கள். விளைவைப் பார்த்தால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. யூதா முன்வந்து தன்னைப் பிணையாகக் கொடுக்கும் பேச்சு எபிரேய உரைநடையின் உச்சங்களில் ஒன்று. ஆனாலும் பென்யமீன் இந்தக் கதையில் எந்தத் தப்பும் செய்யாதவன். குழிக்கருகில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் அவன் இல்லை. செய்யாத திருட்டுக்காக அவன் நின்ற அந்த நேரத்தில் அவன் இருந்த இடம் யோசேப்பு ஒரு காலத்தில் இருந்த இடம்தான். அங்கே அவனை நிறுத்தியவன் அந்த இடத்தை நன்கு அறிந்தவன்.

ஆக யோசேப்பு தன் குற்றமின்மையை ஒரு முறை, சரியாக, ஆனால் தவறான ஆளிடம் சொன்னான். பிறகு அதைக் கேட்கும் அதிகாரம் உள்ளவன் முன்னால் நின்றபோது சொல்லவில்லை. அதிகாரம் தன் கைக்கு வந்தபோது இன்னொருவனின் குற்றமின்மையோடு விளையாடினான். கதை மகத்தானது. ஆனால் குற்றமின்மையைக் காப்பதற்கு முன்மாதிரி என்றால் அரைகுறையானது.

எரேமியாவின் வழக்கு வேறு வகை. கி.மு. 588 வாக்கில் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எகிப்தியப் படை கிளம்பியதாகச் செய்தி வந்ததும் முற்றுகை தற்காலிகமாக விலகுகிறது. அந்த இடைவெளியில் எரேமியா தன் பங்கு விவகாரமாகப் பென்யமீன் நாட்டுக்குப் போகப் புறப்படுகிறார். பென்யமீன் வாசலில் காவல் தலைவன் யெரியா பிடித்துக்கொள்கிறான். நீ கல்தேயர் பக்கம் ஓடுகிறாய் என்கிறான். பொய், நான் ஓடவில்லை என்கிறார் எரேமியா. அவன் கேட்கவில்லை. பிரபுக்கள் அடிக்கிறார்கள், செயலாளன் யோனத்தானின் வீடு சிறையாக்கப்பட்டிருக்கிறது, அதன் நிலவறையில் பல நாள். பிறகு சிதேக்கியா ராஜா ரகசியமாக வரவழைத்துக் கர்த்தரிடமிருந்து ஏதாவது வார்த்தை உண்டா என்று விசாரிக்கிறான்.

அந்த இடத்தில் கைதி செய்வதைப் பாருங்கள். வெளியே வர வேண்டுமானால் ராஜாவின் காதுக்கு இனிமையான ஒன்றைச் சொன்னால் போதும். எரேமியா, உண்டு என்கிறார். பாபிலோன் ராஜாவின் கையில் நீர் ஒப்புக்கொடுக்கப்படுவீர் என்கிறார். உள்ளே போட்டது எந்தப் பேச்சோ அதே பேச்சு. அதற்குப் பிறகுதான் தன் வழக்கை எடுக்கிறார்: உமக்கோ, உம்முடைய ஊழியருக்கோ, இந்த ஜனத்துக்கோ நான் என்ன குற்றம் செய்தேன்? பாபிலோன் ராஜா வரமாட்டான் என்று சொன்ன உங்கள் தீர்க்கதரிசிகள் எங்கே? கடைசியில் கோரிக்கை: யோனத்தானின் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவேண்டாம், அங்கே செத்துப்போவேன். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் உண்மை, அடுத்து கேள்வி, கடைசியில் உயிர்ப்பிச்சை. வரிசையை மாற்றியிருந்தால் உண்மை பேரம் ஆகியிருக்கும். கோரிக்கை ஓரளவு நிறைவேறுகிறது. காவற்சாலை முற்றத்துக்கு மாற்றுகிறார்கள். அப்பக்காரர் தெருவிலிருந்து நாளுக்கு ஓர் அப்பம், நகரத்தில் அப்பம் தீரும் வரை.

அடுத்து வருவது இரண்டாவது குற்றச்சாட்டு. செப்பத்தியா, கெதலியா, யூகால், பஸ்கூர் என்ற நான்கு பிரபுக்கள், இவன் போர்வீரரின் கைகளைத் தளரச்செய்கிறான், கொல்லவேண்டும் என்கிறார்கள். நகரத்தில் தங்குகிறவன் சாவான், கல்தேயரிடம் போகிறவன் பிழைப்பான் என்று எரேமியா வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மை. இதற்கு அவர் மறுப்பே சொல்லவில்லை. முதல் குற்றச்சாட்டைப் பொய் என்று உடனே அறுத்தெறிந்தவர், இரண்டாவதன்மேல் வாய் திறக்கவில்லை. என் தீர்ப்பு இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. செய்யாததை மறுக்கிறார். செய்ததை மறுக்கவில்லை, அது குற்றம் என்பதைத்தான் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மறுப்பது பயந்தவனுக்கும் குற்றவாளிக்கும் எளிது. எந்தக் குற்றச்சாட்டுக்கு மறுப்பு, எதற்கு இல்லை என்று பிரித்தறிவது குற்றமின்மையைப் பற்றித் துல்லியமாகத் தெரிந்தவனால் மட்டும் முடியும்.

பிரபுக்களுக்கும் நியாயம் செய்தாக வேண்டும். அவர்கள் கற்பனை வில்லன்கள் இல்லை. செலேமியாவின் மகன் யூகாலின் பெயர் பதிந்த களிமண் முத்திரை 2005இலும், பஸ்கூரின் மகன் கெதலியாவின் பெயர் பதிந்தது 2008இலும் எருசலேமின் தாவீதின் நகர் அகழாய்வில், எய்லாத் மசார் தலைமையில் கிடைத்தன. முற்றுகையில் இருக்கும் நகரத்தைக் காக்கும் பொறுப்பில் இருந்த அதிகாரிகள். கைகளைத் தளரச்செய்வது என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்து அரசியல் பேச்சில் புழங்கியதுதான். 1935இல் லாகீசில் கண்டெடுக்கப்பட்ட ஓட்டெழுத்துக் கடிதங்களில் ஒன்று, கிட்டத்தட்ட இதே சொல்லால் அதிகாரிகளின் பேச்சையே குறை சொல்கிறது. கல்தேயரிடம் ஓடிப்போனவர்களும் உண்மையில் இருந்தார்கள். சிதேக்கியாவே அவர்களுக்குப் பயப்படுவதாகச் சொல்கிறான். போரில் இருக்கும் எந்த அரசும் எரேமியாவைப் போன்ற ஒருவரை வீதியில் பேச விட்டிருக்காது. அவரது குற்றமின்மை செயலில் இல்லை. அவர் சொன்னது சரியா என்பதில் இருந்தது. அது அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. நமக்குக் கிடைத்திருப்பதும் அவர் தரப்பினர் தொகுத்த நூல்தான். எதிர்த்தரப்பின் ஆவணம் நம்மிடம் இல்லை. யோசேப்பின் குற்றமின்மைக்குக் கதாசிரியரே நேரடிச் சாட்சி. வாசகருக்கு ஐயமே எழாது. எரேமியாவின் குற்றமின்மையை வாசகர் எடைபோட வேண்டியிருக்கிறது.

நான் எடைபோடும்போது அவருக்குச் சாதகமாக விழும் சான்று வழக்குக்கு வெளியே கிடக்கிறது. காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கும்போதே ஆனதோத்தில் உறவினரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள், முத்திரையிட்ட பத்திரம், முத்திரையிடாத பிரதி, இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு வைக்கும் ஏற்பாடு எல்லாம் முறைப்படி நடக்கின்றன. எதிரியின் படை நிற்கும் மண்ணில் நிலம் வாங்குகிறவன் எதிரியிடம் ஓடிப்போகிற ஆளில்லை. நூல் இதை வழக்குக்கு ஆதாரமாக வைக்கவில்லை. தேசம் மறுபடி குடியேற்றப்படும் என்பதற்கு அடையாளமாகத்தான் வைக்கிறது. ஆனாலும் துரோகி என்ற பழிக்கு அந்தப் பத்திரத்தைவிட நல்ல பதில் இல்லை.

அவர் மேலும் குறைகள் உண்டு. மல்கியாவின் துரவில் கயிறு கட்டி இறக்கப்பட்டு, தண்ணீரில்லாத சேற்றில் அமிழ்ந்தவரைக் கூஷியனாகிய எபெத்மெலேக் மீட்கிறான். கிழிந்த கந்தைகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தூக்கும் அந்த அக்கறை தனியாக எழுதத் தக்கது. நடந்தது தீமை என்று அந்த அதிகாரத்தில் பகிரங்கமாகச் சொல்கிற ஒரே ஆள் இந்த அந்நியன்தான். பிறகு சிதேக்கியாவோடு இன்னொரு ரகசியச் சந்திப்பு. பிரபுக்கள் கேட்டால், யோனத்தானின் வீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று கெஞ்சியதாக மட்டும் சொல் என்கிறான் ராஜா. எரேமியா அப்படியே சொல்கிறார். அது முழுப் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. சொன்னால் கொன்றுவிடுவீர் என்று ராஜாவிடமே சற்று முன்பு கூறியவர்தான். இதை மறைத்துக் காட்டாத நூலாசிரியரை மதிக்கிறேன். தன்னைத் துன்புறுத்தியவர்களின் பிள்ளைகள் பட்டினியால் சாகவேண்டும் என்று 18ஆம் அதிகாரத்தில் கேட்கும் எரேமியாவையும் அதே நூல் மறைக்கவில்லை. குற்றமற்றவன் இனிமையானவனாகவும் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்த நூலுக்கு இல்லை. அவனிடம் அதை எதிர்பார்க்கிறவர்கள் நாம்தான்.

அவருக்கு ஒரு முறை முறையான விசாரணையும் கிடைத்தது. 26ஆம் அதிகாரத்தில், யோயாக்கீமின் தொடக்க நாட்களில், ஆலயத்தின் புது வாசலில் பிரபுக்கள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கிறேன், உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள், ஆனால் குற்றமற்ற ரத்தத்தைச் சுமப்பீர்கள் என்று எரேமியா வாதாடுகிறார். எசேக்கியா காலத்து மீகாவை முன்னுதாரணமாகக் காட்டி மூப்பர்கள் பேசுகிறார்கள். மரணத்துக்கு ஏதுவில்லை என்று தீர்ப்பு. அதே செய்தியைச் சொன்ன உரியா எகிப்துக்கு ஓடினான். ஆள் அனுப்பிப் பிடித்துவந்து கொன்றார்கள். ஓடியதற்காக நூல் அவனைக் குறை சொல்வதில்லை. எரேமியா தப்பியதற்கு அவருடைய வாதம் மட்டும் காரணமில்லை, சாப்பானின் மகன் அகீக்காம் ஆதரவாக இருந்தான் என்பதையும் அது பதிவு செய்கிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகவே எடுக்கலாம். தானியேல் சிங்கக்குகையில் கழித்தது ஓர் இரவு. தன்னிடம் குற்றம் காணப்படவில்லை என்று அவர் அறிவிப்பது பிழைத்த பிறகு. அழகான கதை, ஆனால் அதிசயம் வாதாடிவிட்டால் மனிதன் வாதாடுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. குற்றஞ்சாட்டியவர்களோடு அவர்கள் பெண்டு பிள்ளைகளையும் சிங்கங்களுக்குப் போட்ட முடிவு வேறு உறுத்துகிறது. ஆகாப் ராஜாவால் சிறையில் போடப்பட்டு அளந்த அப்பமும் தண்ணீரும் கொடுக்கப்பட்ட மிகாயா எனக்கு இன்னும் முக்கியமானவர். நீர் சமாதானத்தோடு திரும்பி வந்தால் கர்த்தர் என்னைக்கொண்டு பேசவில்லை என்று சவால்விட்டுச் சிறைக்குப் போகிறார். ஆகாப் போர்க்களத்தில் சாகிறான். மிகாயாவின் வாக்கு மெய்யாகிறது. அவரைத் திறந்துவிட்டார்களா? முதலாம் ராஜாக்கள் நூல் அதைச் சொல்லாமலே அடுத்த ராஜாவுக்குப் போய்விடுகிறது. சங்கீதங்களில் 7, 17, 26 போன்றவற்றில் ஒலிக்கும் குற்றமின்மை முறையீடுகள், ஆலயத்தில் காவலில் இருந்துகொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களின் மன்றாட்டுகள் என்று ஹான்ஸ் ஷ்மிட் 1928இல் வாதிட்டார். எல்லாப் பாடல்களுக்கும் அது பொருந்தாது. பொருந்தும் அளவுக்கு வைத்தாலும், குற்றமற்றவர் பேசாமலிருக்க வேண்டும் என்ற விதி எபிரேய வழிபாட்டுக்குத் தெரியாது என்பது உறுதி. உரத்துச் சொல்வதற்கு அது பாட்டே கட்டி வைத்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு எரேமியாவுக்கு, குறிப்பாக 37, 38ஆம் அதிகாரங்களின் எரேமியாவுக்கு. யோசேப்பைவிடத் தூயவர் என்பதற்காக இல்லை. அது உண்மையும் இல்லை. கேட்க வேண்டியவனிடம் கேட்டார், மறுக்க வேண்டியதை மட்டும் மறுத்தார், வெளியே வருவதற்காகத் தன் சொல்லை மாற்றவில்லை. யோசேப்பின் கதையை மௌனத்துக்கான பாடமாக நடத்துவதை நிறுத்திவிட்டு, தீர்ப்பில்லாமல் விடுதலை தரும் அரசைப் பற்றிய கதையாகப் படித்தால் அதன் உயரம் இன்னும் கூடும் என்றும் நினைக்கிறேன்.

காலம் உண்மையை நிரூபிக்கும், பொறுத்திருந்தால் போதும் என்பவர்களுக்கு எரேமியாவிலேயே ஒரு தடை இருக்கிறது. நகரம் விழுந்தது, ஆலயம் எரிந்தது, சிதேக்கியாவின் கண்கள் பிடுங்கப்பட்டன. எரேமியா சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. அவர் விலங்கைக் கழற்றியது பாபிலோனியத் தளபதி நேபுசராதான். அவருடைய எதிரிகள் அன்றிலிருந்து அவரைக் கைக்கூலி என்று சொல்ல அதுவே போதும். மிஞ்சிய மக்கள் எகிப்துக்குப் போகலாமா என்று அவரிடம் வந்து விசாரிக்கிறார்கள். பத்து நாள் கழித்து, போகவேண்டாம் என்று பதில் சொல்கிறார். 43ஆம் அதிகாரத்தில் அவர்கள் கொடுக்கும் மறுமொழி: நீ பொய் சொல்கிறாய், உன் எழுத்தன் பாருக்குத்தான் உன்னைத் தூண்டிவிடுகிறான், எங்களைக் கல்தேயரிடம் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறாய். பென்யமீன் வாசலில் யெரியா சொன்ன அதே குற்றச்சாட்டு. வரலாறே சாட்சி சொல்லி முடித்த பிறகு, அதைக் கண்ணால் பார்த்தவர்களே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அவரையும் தங்களோடு எகிப்துக்கு இழுத்துப் போகிறார்கள்.